மூன்றாவது ஓலைக்குள் பார்க்க வேண்டிய முகம்

பாலக்கரையில் இன்றைக்கும் இப்படித்தான் சொல்கிறார்கள். லூர்துராணி புதுக் கண்ணாடி போட்டுக்கொண்டு, கட்டிக்கொள்ளப் போகிறவனின் முகத்தை முதல்முறையாகப் பார்த்தாளாம். பார்த்த மாத்திரத்தில் "ஐயோ மாதாவே" என்று அலறிக் கல்யாணத்தையே நிறுத்திவிட்டாளாம். மாப்பிள்ளைக்கு முகமெல்லாம் அம்மைத் தழும்பு என்றது பாலக்கரை. தென்னூருக்குப் போவதற்குள் அவனுக்கு முன்பல் இரண்டு நீண்டுவிட்டது. முசிறி பஸ் ஏறிப் போய் இறங்கும்போது ஒரு கண்ணே இல்லை. நடுவில் யாரோ, தலையில் இருப்பது டோப்பா என்று வேறு சேர்த்துவிட்டார்கள்.

அந்த டோப்பா என் வேலை. மற்றதற்கெல்லாம் நான் பொறுப்பில்லை.

பாவத்துக்குப் பரிகாரமாக, நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன். அப்போது நான் ஸ்ரீரங்கத்தில் ஒரு அச்சகத்தில் டிரெடில் மெஷின் மிதித்துக்கொண்டிருந்தேன். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னைக் கைவிட்டது. ஆனால் அச்சகத்தில் வேலை செய்கிறவனுக்குப் படிப்பு எதற்கு? யாருக்குக் கல்யாணம், யாருக்குக் கருமாதி, யார் கடை திறக்கிறார், எல்லாம் மை காய்வதற்கு முன்பே தெரிந்துவிடும். எனக்கு எதிரே, ஜன்னலோரம் நின்று எழுத்துக் கோப்பவள்தான் லூர்துராணி. அவளும் நானும் பாலக்கரையில் ஒரே தெரு. எண்பத்தேழாம் வருஷம் தை மாதம், அவளுக்கு இருபத்தாறு வயது.

ஒரு சாண் தூரத்துக்குள் இருக்கும் எதுவும் அவளிடமிருந்து தப்பாது. பொடி ஈய எழுத்தை, இடம் வலம் மாறி இருப்பதை, மூக்கு உரசுகிற மாதிரி குனிந்து சரசரவென்று படிப்பாள். அதனால் அவளுக்குக் கண்ணில் குறை என்று யாராவது சொல்லியிருந்தால் நாங்கள் சிரித்திருப்போம்.

ஒரு சாணுக்கு அப்பால்தான் விஷயம். அங்கே உலகம் கரைந்துவிடும். தெருவிளக்கு ஒவ்வொன்றும் அவளுக்கு ஒரு சாமந்திப்பூ. மனிதர்கள் நிறங்களாக வருவார்கள், குரல்களாக நின்று பேசுவார்கள், திரும்பவும் நிறங்களாகிப் போய்விடுவார்கள். ஒண்ணாம் நம்பர் பஸ்ஸை நம்பர் பார்த்து ஏறியதே இல்லை. "ஸ்ரீரங்கம், ஸ்ரீரங்கம்" என்று கூவும் கண்டக்டரின் குரலைப் பிடித்துக்கொண்டு ஏறுவாள். பஸ் காவேரிப் பாலத்தில் போகும்போது கீழே ஆறா, மேலே வானமா, இரண்டுக்கும் நடுவில் கோடு கிடையாது. வடக்கே மட்டும் ஒரு மேகம் எப்போதும் அசையாமல் நிற்கும். வெயிலுக்கும் கலையாது, காற்றுக்கும் நகராது. அதுதான் கட்டி முடியப்போகிற ராஜகோபுரம் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தென்ன, அவள் பார்த்தது மேகத்தைத்தான்.

இந்த ரகசியம் அவள் அம்மா டோரதி ஒருத்திக்குத்தான் தெரியும். டோரதி எங்கே போனாலும் மகளின் கையைப் பிடித்துக்கொண்டேதான் போவாள். என்ன பாசம் பார் என்று தெருவே மெச்சியது.

"கண்ணாடி போட்ட பொண்ணுன்னா ஒரு பய நம்ம வாசப்படிய மிதிக்க மாட்டான்டி," என்பாள் டோரதி. "கழுத்துல தாலி ஏறட்டும். அப்புறம் நீ டெலஸ்கோப் வேணாலும் வச்சுக்க."

ராஜாக்கள் திருநாள் முடிந்த வாரம் மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வந்தார்கள். பையன் பெயர் விக்டர். கே.கே. நகரில் புது வீடு, ஆபீஸ் உத்தியோகம். டோரதி முதல் நாளே ஒத்திகை வைத்துவிட்டாள். அடுப்படியிலிருந்து ஏழு அடி, வலது பக்கம் திரும்பு, தட்டை நீட்டு, சிரி. லூர்துராணி ஏழு அடி நடந்தாள், திரும்பினாள், நீட்டினாள், சிரித்தாள். ஒரு வெள்ளைச் சட்டை தட்டிலிருந்து காபியை எடுத்துக்கொண்டது.

"பேரே நல்லா இருக்குங்க," என்றது சட்டை.

ரேடியோவில் சாயந்திரச் செய்தி படிக்கிற மாதிரி குரல். அந்தக் குரலை அவள் முந்தானையில் முடிந்துகொண்டு அச்சகத்துக்கு வந்தாள். ஒரு வாரம் வேலை செய்கிற மாதிரி நின்றாளே தவிர வேலை ஓடவில்லை. பெருமாள் உற்சவ நோட்டீஸில் ஒரு வரியை இரண்டு தடவை கோத்துவிட்டாள். முதலாளி ஐயங்கார் மூக்கைச் சொறிந்துகொண்டு, "பெருமாளுக்கு ரெண்டு தரம் திருமஞ்சனமா அம்மா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

"என்னாச்சு ராணி?" என்றேன்.

"ஒண்ணுமில்ல நல்லுசாமி அண்ணே. மூஞ்சி கோத்துக்கிட்டு இருக்கேன். நெத்தி வந்துருச்சு. மூக்குதான் சரியா உக்காரமாட்டேங்குது."

அப்போது அவள் சொல்லித்தான் எனக்கு விஷயம் முழுவதும் தெரிந்தது. தெரிந்ததை நான் யாரிடமும் சொல்லவில்லை என்றால் என்னைத் தெரிந்தவர்கள் நம்ப மாட்டார்கள். ஆனால் நிஜமாகவே சொல்லவில்லை.

கல்யாணம் மாசியில், தவக்காலம் தொடங்குவதற்கு முன் என்று பேசி முடித்தார்கள். அவர்கள் கோயிலில் ஒரு வழக்கம் உண்டு. கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் சாமியார் ஓலை வாசிப்பார். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று. மூன்றாவது ஓலை வாசித்து யாரும் வாய் திறக்காவிட்டால் முடிந்தது, ஊரே சாட்சி.

முதல் ஓலை அன்றைக்கு விக்டர் குடும்பமும் அதே கோயிலுக்குப் பூசைக்கு வந்திருந்தது. பூசை முடிந்து வாசலில் கூட்டம். டோரதி யாரிடமோ பேசுவதற்காக ஒரு நிமிஷம் மகள் கையை விட்டாள். லூர்துராணி பார்த்தாள், நாலு அடி தள்ளி ஒரு வெள்ளைச் சட்டை. நேரே போய்த் தலையைக் குனிந்து, குரலில் தேன் தடவி,

"ரொம்ப நேரமா நிக்கிறீங்களா? அம்மா எங்க, காணோம்?" என்று கேட்டாள்.

"எங்கம்மா செத்து இருவத்திரண்டு வருசம் ஆச்சேம்மா," என்றார் உபதேசியார் பிலோமின்ராஜ். அறுபத்தைந்து வயது மனிதர்.

விக்டர் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தான். அவன் அம்மா முகம் கறுத்துவிட்டது. டோரதி ஓடிவந்து, "பெரியவங்கள விசாரிக்காம எங்க ராணி ஒரு எட்டு வைக்கமாட்டா," என்று மழுப்பி இழுத்துக்கொண்டு போனாள்.

மறுநாள் லூர்துராணி எழுத்துக் கோக்கும் ஸ்டிக்கைக் கீழே வைத்துவிட்டு என் மெஷினுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"மூணாவது ஓலைக்குள்ள அவரு மூஞ்சிய ஒரு தடவ பார்த்துடணும் அண்ணே."

"கண்ணாடி போட்டா அவன் வேணாம்னு போயிட்டான்னா?"

"போகட்டும். பார்க்காமலேயே சரின்னு சொன்னா, எதுக்குச் சரின்னு சொன்னேன்னு எனக்கே தெரியாதுல்ல?"

அன்றைக்குச் சாயந்திரமே சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு பெரிய மூக்குக்கண்ணாடிக் கடைக்குத் தனியாகப் போய்விட்டாள். கடை பூராவும் கண்ணாடியும் வெளிச்சமுமாக இருக்கும். அவள் கண்ணுக்கு அது ஒரு பெரிய சாமந்தித் தோட்டமாகத் தெரிந்திருக்கும். கண் பார்க்கிற இடத்திலேயே பெஞ்சு. முன்னால் ஒன்பது பேர். ஒவ்வொருவராக எழுந்து, சுவரில் இருக்கிற அட்டையைச் சத்தமாகப் படித்தார்கள். ப, ட, ம, ற, ய... இவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். எழுத்தோடு பிழைக்கிறவள் இல்லையா? நாலாவது ஆள் முடிக்கும்போது அட்டை முழுவதும் அவளுக்கு மனப்பாடம். இவள் முறை வந்ததும் முதல் வரியிலிருந்து கடகடவென்று ஒப்பித்துவிட்டாள். கடைசி வரியை மட்டும் முன்னால் போனவர்களே தப்பும் தவறுமாகப் படித்திருந்ததால் அங்கே தடுமாறினாள். கடைக்காரருக்கு அவசரம். மைனஸ் அரை என்று எழுதி, தங்க நிறத்தில் கொடி மாதிரி மெல்லிசாக ஒரு பிரேமையும் காட்டினார். முகத்துக்கு எடுப்பாக இருக்கிறது என்று பக்கத்தில் இருந்தவர்கள் சொன்னார்கள். வாங்கிக்கொண்டாள்.

இரண்டாவது ஓலை அன்றைக்கு முக்காட்டுக்குள் அந்தக் கண்ணாடியை ஒளித்துப் போட்டுக்கொண்டு ஆண்கள் பக்கம் திரும்பிப் பார்த்திருக்கிறாள். வெள்ளை வெள்ளையாகப் பனி.

திங்கட்கிழமை என்னிடம் வந்து, "கண்ணாடி போட்டா எல்லாருக்கும் இவ்வளவுதான் தெரியுமா அண்ணே?" என்று கேட்டாள். அந்தக் கண்ணாடி மேல் எனக்கு முன்பே சந்தேகம்தான்.

"அங்க சுவத்துல காலண்டர் தொங்குதே, படி பார்ப்போம்."

அவள் கண்ணைச் சுருக்கிக்கூடப் பார்க்கவில்லை. "ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தேழு, பிப்ரவரி மாதம், ஞாயிறு ஒண்ணு, எட்டு, பதினஞ்சு, இருபத்திரண்டு" என்று ஆரம்பித்துக் கீழே அச்சகத்து விலாசம் வரைக்கும் சொன்னாள். ஒரு பிழை இல்லை. அவளே கோத்த காலண்டர்தானே.

"ராணி, காலையிலேயே அதைத் திருப்பி மாட்டிட்டேன். அங்க தெரியறது வெறும் வெள்ளைத் தாள்."

கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். பிறகு கடையில் ஒப்பித்த கதையைச் சொன்னாள்.

"எழுத்துக் கோக்கிறவ எழுத்து தெரியலன்னு சொல்றதா அண்ணே? பின்னாடி அத்தனை பேர் உக்காந்திருக்காங்க. பெயிலாயிட்டேன்னு நினைக்கமாட்டாங்க?"

மறுநாள் நானே அவளைத் தென்னூருக்கு அழைத்துக்கொண்டு போனேன். என் வெள்ளெழுத்துக் கண்ணாடி செய்த இடம். அதற்கு முன்னால் நான் பிளாட்பாரத்தில் விரித்து வைத்திருக்கும் கண்ணாடிகளில் ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்து, கடலை மடித்த காகிதத்தைப் படித்து வாங்குகிற ஜாதி. தலைவலி வந்த பிறகுதான் புத்தி வந்தது. மாடியில் ஒரே ஒரு அறை. கண் பார்க்கிறவர் கமர் ஜஹான். நாற்பது வயதிருக்கும், வாப்பா நடத்திய கடையை எடுத்து நடத்துகிறவர். ஒரு ஆளுக்கு அரை மணி நேரம் எடுத்துக்கொள்வார். அதனாலேயே அங்கே கூட்டம் கிடையாது.

லூர்துராணி உட்கார்ந்ததும் சுவரைப் பார்த்து, "ப, ட, ம..." என்று தொடங்கினாள்.

"இரும்மா, இரும்மா," என்றார் கமர் ஜஹான். "நான் இன்னும் அட்டையே மாட்டலியே."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"இங்க பாஸ், பெயில் எல்லாம் கிடையாது. தெரியலன்னா தெரியலன்னு சொல்லுங்க. நீங்க தெரியலன்னு சொல்லச் சொல்லத்தான் எனக்குத் தெரியும்."

அறையை இருட்டாக்கிவிட்டு, ஒரு சின்ன வெளிச்சத்தைக் கண்ணுக்குள் அடித்து வெகுநேரம் பார்த்தார். அப்புறம் எழுத்து அட்டையை எடுக்கவே இல்லை. மூன்று கால் வைத்த சீப்பு மாதிரி ஒரே ஒரு உருவம் போட்ட அட்டையைக் கையில் பிடித்து, மேலே, கீழே, பக்கவாட்டில் என்று திருப்பித் திருப்பி, "கால் எந்தப் பக்கம்?" என்று கேட்டார். அதை யார் மனப்பாடம் செய்ய முடியும்?

"தெரியல," என்றாள் லூர்துராணி. "தெரியல. தெரியல." மூன்றாவது தடவை சொல்லும்போது முகத்தில், எதையோ இறக்கி வைத்த மாதிரி ஒரு நிம்மதி.

கனமான சோதனைச் சட்டத்தை அவள் மூக்கில் வைத்து ஒவ்வொரு வில்லையாகப் போட்டு எடுத்தார். இது நல்லா இருக்கா, அது நல்லா இருக்கா? மைனஸ் அஞ்சரையில் வந்து நின்றது.

"ஓரம் தடியா இருக்கும்மா, சோடா பாட்டில் மாதிரின்னு சொல்லுவாங்க. இந்தத் தங்கக் கொடி தாங்காது. சின்ன வட்டமா, கறுப்புப் பிரேம் எடுங்க, தடிப்பு கொஞ்சம் மறையும்."

"கண்ணுக்குள்ளயே வைக்கறது ஒண்ணு இருக்காமே? வெளியில தெரியாதாமே?"

"காண்டாக்ட் லென்ஸ். அதுக்கு மெட்ராஸ் போகணும். நாள் முழுக்க ஈயத் தூசி, மை, மண்ணெண்ணெய். அந்தக் கையால கண்ணத் தொட்டு வைக்கணும், எடுக்கணும். நான் சொல்லமாட்டேன். வெளியில தெரியட்டுமே, என்ன இப்போ? கிட்டக்க வேலை செய்யும்போது மட்டும் வேணும்னா கழட்டிக்குங்க. அது உங்க சௌகரியம். இன்ஷா அல்லா, சனிக்கிழமை காலையில வாங்க."

மூன்றாவது ஓலைக்கு முந்தின நாள் அது.

சனிக்கிழமை மை வாங்கப் போகிறேன் என்று முதலாளியிடம் சொல்லிவிட்டு நானும் கூடப் போனேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மாடிப்படியில் இறங்கியவள், ஒவ்வொரு படியாக நின்று பார்த்து இறங்கினாள். தெருவில் ஒரு காக்கா. அதன் அலகைப் பார்த்துக்கொண்டே நின்றதில் ஒரு பஸ்ஸை விட்டுவிட்டோம். அடுத்த ஒண்ணாம் நம்பரை அவளே நம்பர் படித்து நிறுத்தினாள். "ஸ்ரீரங்கம், ஸ்ரீரங்கம்" என்று அதே குரல். இவ்வளவு நாளும் அந்தக் குரலுக்கு அவள் மனசுக்குள் இருபத்தைந்து வயதும் சுருட்டை முடியும் கொடுத்திருந்தாளாம். ஆள் தொப்பையும் நரைத்த மீசையுமாக நின்றார். அவள் சிரித்த சிரிப்பில் அவரும் காரணம் தெரியாமல் சிரித்துவிட்டுச் சில்லறை கொடுத்தார்.

பாலம் வந்தது. அவள் பேச்சை நிறுத்திவிட்டாள். நானும் வாயை மூடிக்கொண்டேன். என் வாழ்க்கையில் அது அபூர்வம். ஆறு ஒரு பக்கமாக ஒதுங்கி ஓடிக்கொண்டிருந்தது. மணல் திட்டில் யாரோ காயப்போட்ட புடவை ஒன்று, நீளமாக, பச்சையாக. தண்ணீர் முடிகிற இடத்தில் கரை, கரை முடிகிற இடத்தில் தென்னை, தென்னைக்கு மேலே வானம் என்று எல்லாம் தன் தன் இடத்தில் இருந்தன. வடக்கே அந்த மேகம் இல்லை. அங்கே சாரம் கட்டிய கோபுரம் அடுக்கடுக்காக எழுந்து நின்றது. அவள் உதட்டை அசைத்து எண்ணினாள். பதின்மூன்று.

பிறகு கண்ணாடியைக் கழற்றினாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். மறுபடி போட்டுக்கொண்டாள்.

"அந்த மேகம் எங்கயும் போகல அண்ணே," என்றாள். "கழட்டினா இருக்கு. போட்டா கோபுரம் இருக்கு. ரெண்டும் எனக்குத்தான்."

பதினொரு மணிக்கு விக்டர் அச்சகத்துக்கு வந்தான். கல்யாணப் பத்திரிகை புரூஃப் பார்த்துக் கொடுக்க. அவர்கள் பத்திரிகையை லூர்துராணியேதான் கோத்திருந்தாள். கோத்த எழுத்தை நூலால் கட்டி மேசைமேல் வைத்திருந்தது. அவன் உள்ளே நுழைந்ததும் அவள் நிமிர்ந்தாள். இத்தனை நாளாகக் கோத்துக் கோத்துப் பிரித்த முகத்தின் அசல் எதிரே நிற்கிறது. அந்த முகம் எப்படி இருந்தது என்று நான் சொல்லப்போவதில்லை. நான் சொல்லித்தான் இவ்வளவு வம்பும். பார்த்தவளே சொல்லட்டும்.

மெஷினை மிதித்தால் பேச்சு காதில் விழாது. நிறுத்தினால் ஒட்டுக்கேட்பது தெரிந்துவிடும். உருளைக்கு மை தடவுகிற மாதிரி குனிந்துகொண்டேன்.

"என்ன இது?" என்றான் விக்டர்.

"கண்ணாடி."

"அது தெரியுது. எதுக்கு?"

"பார்க்கறதுக்கு." பார்த்துக்கொண்டேதான் சொன்னாள். அவன்தான் வெட்கப்பட்டுக் குனிந்தான். "எனக்குத் தூரத்துல ஒண்ணும் தெரியாதுங்க. சொல்லாம இருந்தது தப்பு. நாளைக்குக் கோயிலுக்கு இதைப் போட்டுக்கிட்டுத்தான் வருவேன்."

அவன் கோபப்படவில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். அதே ரேடியோக் குரலில் மெதுவாகத்தான் பேசினான்.

"நாளைக்கு வேணாம் ராணி. கழட்டிடு. அம்மா பார்த்தா வேற மாதிரி நினைப்பாங்க. ஓலை முடியட்டும், கல்யாணம் முடியட்டும்."

"அப்புறம்?"

"அப்புறமும்... அம்மா முன்னாடி வேணாமே. அவங்க இருக்கிறவரைக்கும்."

"வீட்டுக்குள்ள எப்படி நடமாடுவேன்?"

"நான் எதுக்கு இருக்கேன்? கையப் பிடிச்சுக் கூட்டிக்கிட்டுப் போகமாட்டேனா?"

எனக்கே உள்ளே இளகிவிட்டது. நான் பெண்ணாக இருந்தால் அந்த ஒரு வார்த்தைக்கு அவன் பின்னாலேயே கே.கே. நகருக்கு நடந்து போயிருப்பேன். லூர்துராணி ஜன்னல் வழியாகக் கோபுரத்தைப் பார்த்தாள். சாரத்தின் மேல் ஒரு ஆள் சிவப்புத் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டிருந்தான். அவன் கட்டி முடிக்கிறவரைக்கும் பார்த்தாள்.

"இருபத்தாறு வருசம் எங்கம்மா கையப் பிடிச்சுக்கிட்டுத்தான் வந்தேன்," என்றாள். "இன்னைக்குக் காலையிலதான் விட்டேன். எனக்கு வேணாங்க."

"அவசரப்படாத. யோசிச்சுச் சொல்லு."

"பார்த்துட்டுத்தான் சொல்றேன்."

அவன் புரூஃப் தாளை மேசைமேல் வைத்துவிட்டு, வாசலில் ஒரு நிமிஷம் நின்றுவிட்டுப் போனான். மூன்றாவது ஓலை வாசிக்கவில்லை.

அவன் போன பிறகு அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் பக்கத்தில் வைத்தாள். எழுத்துக் கட்டின் நூலை அவிழ்த்து, பத்திரிகையைப் பிரித்தாள். விக்டரில் இருந்த எழுத்துகளும் லூர்துராணியில் இருந்த எழுத்துகளும் ஒவ்வொன்றாக அதனதன் அறைக்குள் போய் விழுந்தன, டிக், டிக் என்று. சாப்பாட்டு நேரத்துக்குள் ஒரு கல்யாணமே பெட்டிக்குள் அடங்கிவிட்டது. மத்தியானம் அந்த எழுத்துகளை வைத்தே கும்பாபிஷேக நோட்டீஸ் கோத்தாள். ஒரு பிழை இல்லை.

டோரதி ஒரு மாதம் மகளோடு பேசவில்லை. அந்த ஒரு மாதத்தில்தான் தெரு பேசியது. முகம், தழும்பு, பல், கண். நானும் டீக்கடையில் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல முடியாமல், சும்மா இருக்க மாட்டாமல், டோப்பாவைச் சேர்த்தேன்.

கும்பாபிஷேகம் முடிந்து சாரமெல்லாம் பிரித்த பிறகு ஒரு நாள் காலை, பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் லூர்துராணி. பக்கத்தில் எங்கள் தெருவில் கீரை விற்கிற ராசாத்தி, கூடையை மடியில் வைத்துக்கொண்டு. பஸ் பாலத்தில் ஏறியதும் ராசாத்தி ஆரம்பித்தாள்.

"ஏம்மா ராணி, கேக்கறேன்னு தப்பா நினைச்சுக்காத. அந்த மாப்பிள்ளைக்கு மூஞ்சியெல்லாம் தழும்பாமே? தலையில டோப்பாவாமே? கண்ணாடி போட்டதும் பார்த்துப் பயந்துட்டியாமே?"

பஸ்ஸே காதைத் தீட்டிக்கொண்டது. லூர்துராணி கோபுரத்திலிருந்து பார்வையை எடுத்தாள். ராசாத்தியைப் பார்த்தாள். அப்படியே திரும்பி, அந்தத் தடித்த கண்ணாடி வழியாக என்னையும் ஒரு பார்வை பார்த்தாள். பிறகு கண்டக்டருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்:

"தழும்பும் இல்ல, டோப்பாவும் இல்ல. டோப்பா யாரு வச்சதுன்னு எனக்குத் தெரியும். அவ்வளவு அழகான ஆம்பளய நான் இன்னைக்கு வரைக்கும் பார்க்கல, போதுமா? மூஞ்சிக்காக நான் நிறுத்தல. கண்ணாடியக் கழட்டச் சொன்னாரு, மாட்டேன்னேன்."